கேனன் ஆர்50-க்கு எந்த மெமரி கார்டு வாங்கலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது கேனன் ஈஓஎஸ் ஆர்50. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் காவடிகள் ஆடி வருவதைத் தொடர்ச்சியாக எடுக்கப் போனபோது, சில படங்களிலேயே கேமரா திணறி நின்றுவிட்டது. கடையில் கேட்டால், "யுஎச்எஸ்-2 கார்டு வாங்குங்கள், 300 மெகாபைட் வேகம்" என்கிறார்கள். அதன் விலையோ சாதாரணக் கார்டைப் போலப் பல மடங்கு. ஜூன் மாதம் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். அதற்குள் வேகமாகவும் நம்பகமாகவும் ஒரு கார்டு வேண்டும்.

அந்த யுஎச்எஸ்-2 கார்டை வாங்காதீர்கள். கார்டில் குறை ஏதும் கிடையாது. உங்கள் கேமராவால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

யுஎச்எஸ்-1, யுஎச்எஸ்-2 என்பவை எஸ்டி கார்டின் இரண்டு வேக வகைகள். கடையில் இருவகைக் கார்டுகளையும் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். யுஎச்எஸ்-1 கார்டின் பின்புறம் பொன்னிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையில் ஒன்பது இருக்கும். யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே குட்டையாக இன்னொரு வரிசை, எட்டு முனைகள். கூடுதல் வேகம் முழுவதும் அந்த இரண்டாவது வரிசை வழியாகத்தான் போகிறது. ஆர்50-இல் கார்டு செருகும் ஸ்லாட் யுஎச்எஸ்-1 வகை. உள்ளே அந்த இரண்டாவது வரிசையைத் தொட ஒன்றுமே இல்லை. கார்டு வேலை செய்யும், படமும் பதியும். ஆனால் யுஎச்எஸ்-1 வேகத்தில்தான். அந்த வழியின் உச்சவரம்பு விநாடிக்கு 104 மெகாபைட், யுஎச்எஸ்-2-க்கு 312. நீங்கள் 312-க்குப் பணம் கொடுத்துவிட்டு 104-க்குள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை; உங்கள் கேமரா எது என்று கேட்கவில்லை. கேட்காதவரிடம் நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த குழப்பம் கார்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ 64 ஜிபி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் 200 என்று இருக்கும். அது கார்டிலிருந்து கணினிக்குப் படிக்கும் வேகம், அதுவும் "வரை" என்ற கணக்கில். எழுதும் வேகம் 90 வரைதான். கேமராவுக்குள் நடப்பது முக்கால்வாசி எழுதும் வேலை என்பதால் உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். அதை முகப்பில் போட எந்த நிறுவனத்துக்கும் மனம் வருவதில்லை. உறையின் பின்புறத்திலோ நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோதான் தேட வேண்டும்.

யுஎச்எஸ்-1-இன் வரம்பே 104 என்றால் 200 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது தரநிலைக்கு வெளியே அந்தந்த நிறுவனம் செய்துகொள்ளும் தனி ஏற்பாடு. அதற்கு ஒத்துழைக்கும் கார்டு ரீடர் இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். கேமராவுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. அது தனக்குத் தெரிந்த 104-க்குள்தான் நிற்கும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? கார்டின் மூலையில் சிறிதாக அச்சிட்டிருக்கும் குறிகளைப் பாருங்கள். வட்டத்துக்குள் 10, 'யு' எழுத்துக்குள் 1 அல்லது 3, அப்புறம் வி30, வி60, வி90. இவை எழுதும் வேகத்தின் தரைமட்டம்: கார்டு எவ்வளவு நேரம் ஓடினாலும் இதற்குக் கீழே இறங்காது என்ற உறுதி. வட்டப் பத்தும் யு1-உம் விநாடிக்கு 10 மெகாபைட். யு3-உம் வி30-உம் 30. வி60, வி90 ஆகியவற்றுக்குப் பெயரிலேயே எண் இருக்கிறது. ஏ1, ஏ2 என்று இன்னொரு குறி இருக்கும். அது கைப்பேசியில் செயலிகளை ஓட்டுவதற்கானது, கேமராவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏ2 என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

காணொளிக்குத் தரைமட்டம்தான் முக்கியம். ஒரு நொடி வேகம் சரிந்தாலும் பதிவு தானாக நின்றுவிடும். ஆனால் எவ்வளவு தேவை என்பதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கேமரா கையேட்டில் காணொளியின் அளவு மெகாபிட்டில் இருக்கும், கார்டில் மெகாபைட்டில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆர்50-இல் 4கே, 30 ஃபிரேம், வழக்கமான தரம் என்று வைத்தால் விநாடிக்கு 120 மெகாபிட். எட்டால் வகுத்தால் 15 மெகாபைட். வி30 கார்டின் தரைமட்டமே அதற்கு இரு மடங்கு. "4கே எடுக்க வி90 இல்லாமல் முடியாது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். விநாடிக்கு 400 மெகாபிட், 600 மெகாபிட் என்று எழுதும் கேமரா வைத்திருப்பவர்களுக்குத்தான் வி60, வி90 எல்லாம்.

இனி தைப்பூசத்தன்று நடந்ததற்கு வருவோம். ஆர்50 வழக்கமான ஷட்டரில் விநாடிக்கு 12 படங்கள் வரை எடுக்கும், முழு மின்னணு ஷட்டரில் 15 வரை. ரா என்பது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு. 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 மெகாபைட். பன்னிரண்டால் பெருக்கினாலே விநாடிக்கு 300 மெகாபைட்டைத் தாண்டுகிறது. கார்டுக்குப் போகும் வழியோ 104-க்கு உட்பட்டது. நடைமுறையில் 80, 90 கிடைத்தாலே நல்லது. மிச்சமெல்லாம் பஃபர் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் காத்திருக்கும். காப்பிக்கடையில் பத்துப் பேர் ஒரே மூச்சில் தே தாரேக் கேட்டு, ஆற்றுபவர் ஒருவர் மட்டும் என்றால் என்ன ஆகுமோ அதுதான். ஆர்50-இல் அந்தப் பஃபர் மிகச் சிறியது. ரா எடுத்தால் ஏறத்தாழ ஒரு விநாடியிலேயே நிரம்பிவிடும். உலகத்திலேயே விலை உயர்ந்த எஸ்டி கார்டைச் செருகினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாற்றக்கூடியது கேமராவின் அமைப்பு. காசு செலவில்லை. ரா வேண்டாம், ஜேபெக் போதும் என்றால் கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். தொடர்ச்சி பல மடங்கு நீளும். ராவை விட மனமில்லை என்றால் மெனுவில் சி-ரா என்று ஒன்று இருக்கிறது, கேனனின் சுருக்கப்பட்ட ரா. அளவு ஏறத்தாழப் பாதி. திருத்தும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது. பெருமாள் கோயில் வாசலில் விடிகாலை இருட்டில் எடுத்த படத்தை மிக அதிகமாக வெளிச்சப்படுத்தினால் நிழலில் கொஞ்சம் புள்ளி தெரியலாம், அவ்வளவே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: காவடி சுழலும்போது ஷட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அலகு குத்தியவர் முகம் நிமிரும் கணமும் மயில்தோகை விரியும் கணமும் ஆட்டத்தின் தாளத்திலேயே முன்கூட்டித் தெரியும். மூன்று நான்கு படமாக விட்டு விட்டு எடுத்தால் பஃபர் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். வீடு திரும்பியபின் ஒரே மாதிரியான நானூறு படங்களில் ஒன்றைத் தேடும் அவதியும் இருக்காது.

இப்போது உங்களிடம் இருக்கும் கார்டே மெதுவானதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வீட்டில் தொடர் எடுப்பில் வைத்து, கேமரா திணறும்வரை அழுத்துங்கள். கையை எடுத்ததும் கார்டு விளக்கு அணைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். நல்ல வி30 கார்டில் சில விநாடிகளில் அணைந்துவிடும். மிக நீண்ட நேரம் மின்னிக்கொண்டே இருந்தால் கார்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. அதற்கு முன்னால், படங்களை எல்லாம் கணினிக்கு மாற்றிவிட்டு, ஃபார்மெட் மெனுவில் 'லோ லெவல்' என்ற கட்டத்தைத் தேர்ந்து ஒருமுறை ஃபார்மெட் செய்து பாருங்கள். இந்த வகை நினைவகத்தில் பழையதை அழித்தபிறகே புதியதை எழுத முடியும். பலமுறை நிரப்பி அழித்த கார்டு மந்தமாவது அதனால்தான். இந்த ஃபார்மெட்டில் பல நேரம் பழைய வேகம் திரும்பிவிடும்.

அரங்கேற்றத்துக்குக் கொள்ளளவுதான் முதல் கேள்வி. விநாடிக்கு 15 மெகாபைட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 54 ஜிபி. 128 ஜிபி கார்டு இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். புஷ்பாஞ்சலியில் தொடங்கித் தில்லானா, மங்களம், அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினர் பேச்சு, குருவுக்கு மரியாதை என்று போனால் அது போதாது. ஆர்50-இல் கார்டு இருப்பது அடிப்பக்கத்தில், பேட்டரியோடு ஒரே மூடிக்குள். முக்காலியில் பூட்டியிருக்கும்போது அந்த மூடியைத் திறக்க, அடித்தகட்டைக் கழற்றியாக வேண்டும். வர்ணம் உச்சத்தில் இருக்கும்போது கார்டு நிரம்பிவிட்டால் நீங்கள் என்ன பாடுபடுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் 256 ஜிபி வி30 கார்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். நான்கரை மணி நேரம் கவலையில்லை. பேட்டரி அவ்வளவு நேரம் நிற்காது. இடைவேளையில் அதை மாற்றும்போது, எப்படியும் மூடி திறந்திருப்பதால், கார்டையும் மாற்றிவிடலாம். இரண்டாவதாக 128 ஜிபி ஒன்று அதற்கு.

பெரிய கார்டு வேண்டாம், சிறிய கார்டுகளாக நான்கு வைத்துக்கொள், ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும் என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. ஸ்டூடியோவில் அது சரி. டேங்க் ரோடு கோயில் வாசல் கூட்டத்தில் விரல்நகம்போல இரண்டு மடங்கு உள்ள ஒரு கார்டை எடுத்து மாற்றும்போது அது கெட்டுப்போவதைவிடக் கீழே விழுந்து தொலைவதற்கே வாய்ப்பு அதிகம். என் ஓட்டு, பெரிய கார்டுகள் இரண்டுக்கு.

உங்களைப் போல் இல்லாமல் வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. சோனி ஏ7-3 வைத்திருந்தால் அதன் இரண்டு ஸ்லாட்டுகளில் முதலாவது மட்டுமே யுஎச்எஸ்-2. வேகக் கார்டை இரண்டாவதில் போட்டுவிட்டு வேகம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. நிக்கான் இசட்6-2, கேனன் ஆர்5 போன்றவற்றில் ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ் எனப்படும் இன்னும் வேகமான வேறு வகைக் கார்டுக்கு, மற்றொன்று எஸ்டிக்கு. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால் மெதுவான கார்டின் வேகத்துக்கே இரண்டும் இறங்கும். சுங்கை பூலோவில் மீன்கொத்தி பாயும் கணத்துக்காக விநாடிக்கு 20 ரா எடுப்பவர்களுக்கு சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டுக்குக் கொடுக்கும் விலை வீண் போகாது. அவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது என்றும் நினைக்கிறேன்.

நம்பகம் என்று கேட்டீர்கள். நிறுவனப் பெயரைவிட எங்கே வாங்குகிறீர்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. சான்டிஸ்க், சோனி, லெக்சார், கிங்ஸ்டன், சாம்சங், கியோக்சியா, எதை எடுத்தாலும் அசலாக இருந்தால் சரிதான். உள்ளே இருக்கும் சில்லுகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெயரும் கை மாறும்: லெக்சாரை மைக்ரான் 2017-இல் கைவிட, சீன நிறுவனம் ஒன்று வாங்கி நடத்துகிறது, தோஷிபாவின் நினைவகப் பிரிவுதான் 2019 முதல் கியோக்சியா. இருபது வருடத்துக்கு முன் கேட்ட பெயர் என்பதால் மட்டும் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

போலிதான் பெரிய தலைவலி. புகழ்பெற்ற பெயர் எதுவோ அதில்தான் போலியும் அதிகம். 32 ஜிபி சில்லுக்குள் 'நான் 512' என்று கணினியிடம் பொய் சொல்லும் நிரலை ஏற்றி, அசலைப் போலவே ஒட்டுத்தாள் ஒட்டி விற்கிறார்கள். முதல் 32 ஜிபி ஒழுங்காகப் பதியும். அதன்பிறகு எடுப்பதெல்லாம் பதிந்ததுபோலக் காட்டும். வீட்டில் திறந்தால் சாம்பல் கட்டங்கள். இணையச் சந்தைகளில் 2 டெராபைட் கார்டு பதினைந்து வெள்ளிக்கு என்று பார்த்தால் விலையே உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஆபத்தானது, வழக்கமான விலையைவிட ஐந்தாறு வெள்ளி மட்டும் குறைத்து விற்கும் போலி.

இணையத்தில் வாங்கினால் நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடைப் பக்கத்தில் வாங்குங்கள். நேரில் என்றால் ஃபுனானிலும் கோல்மன் ஸ்திரீட் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரிலும் கேமராவை மட்டுமே தொழிலாக வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. நீங்கள் மறுபடியும் வருவீர்கள் என்று தெரிந்த கடைக்காரர் ஒரு கார்டுக்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். விநியோகஸ்தரின் உத்தரவாத ஒட்டுத்தாள் உறையில் இருக்கிறதா பாருங்கள். ரசீதை உடனே படம் எடுத்து வையுங்கள், தாளில் மை சில மாதங்களில் மறைந்துவிடும். சிங்கப்பூரில் லெமன் சட்டம் என்று அழைக்கப்படும் விதி 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. பேச்சுக்கு ஒத்துவராவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிவிட்டால் இதெல்லாம் நடைமுறையில் கைக்கு எட்டாது. மிச்சம் பிடித்த சில வெள்ளிக்கு அதுதான் விலை.

எங்கே வாங்கினாலும் முதல் நாளே சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் நிரப்பி, மீண்டும் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று சரிபார்க்கும். 256 ஜிபிக்கு ஓரிரு மணி நேரம் ஆகலாம். பழைய யுஎஸ்பி 2 ரீடர் என்றால் இரவு ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். போலியும் மாட்டும், எழுதும் வேகமும் தெரியும், அசல் கார்டில் பிறவிக்கோளாறு இருந்தால் அதுவும் வெளியே வந்துவிடும். 128 ஜிபி கார்டைக் கணினி 119 என்று காட்டினால் பதற வேண்டாம். ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

புழக்கத்தில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கணினியில் ஃபார்மெட் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள். கார்டு விளக்கு எரியும்போது மூடியைத் திறக்காதீர்கள். கார்டு பழுதான கதைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம், கார்டுகள் 85 டிகிரி வரை தாங்கும். ஈரம் வேறு கதை. குளுகுளு எம்ஆர்டியிலிருந்து லிட்டில் இந்தியா நிலையத்தில் வெளியே வந்த உடனே கேமரா மேல் வியர்த்ததுபோல நீர் பூக்கும். அது காயும்வரை அடிமூடியைத் திறக்காமல் பத்து இருபது நிமிடம் பையிலேயே விட்டுவிடுங்கள். கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சிறு பூட்டுவிசை தளர்ந்து போனாலோ, முனைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு உடைந்தாலோ அந்தக் கார்டை ஓய்வு பெறவிடுங்கள். உடைந்த துணுக்கு ஸ்லாட்டுக்குள் சிக்கினால் செலவு கார்டோடு நிற்காது. இவை இரண்டுமே இல்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்த கார்டு சோனியின் டஃப் வரிசையில் இருக்கிறது, கைமுரடர்களுக்கு ஏற்றது.

உத்தரவாதம் வாழ்நாள் முழுவதும் என்று உறையில் இருந்தாலும் அது கார்டுக்கு மட்டும், உள்ளே இருந்த படத்துக்கு இல்லை. ஆர்50-இல் ஒரே ஸ்லாட் என்பதால் உடனுக்குடன் நகல் எடுக்கும் வசதியும் இல்லை. அரங்கேற்றம் முடிந்த அன்று இரவே இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிட்டு, சரிபார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மெட் செய்ய வேண்டும். ஒருவேளை 'கார்டைப் படிக்க முடியவில்லை' என்று கேமரா சொன்னால் அந்த நொடியே நிறுத்துங்கள். ஃபார்மெட் செய்யலாமா என்று அதுவே கேட்கும், வேண்டாம். புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் கார்டை வெளியே எடுத்துவிட்டால், போட்டோரெக் என்ற இலவச மென்பொருளாலேயே பெரும்பாலான படங்களை மீட்க வாய்ப்புண்டு. கணினியே கார்டை அடையாளம் காணாவிட்டால் மட்டும் தரவு மீட்பு நிறுவனம். அங்கே கட்டணம் கேமரா விலையைத் தொடலாம்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், கைப்பேசியில் சும்மா கிடக்கும் மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டு மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாமா என்று. அவசரத்துக்கு, படம் எடுக்க மட்டும், வைத்துக்கொள்ளலாம். அடாப்டர் என்பது இன்னொரு தொடுமுனை, இன்னொரு தளர்ச்சி. நீளமான காணொளிக்கு அதை நம்ப வேண்டாம். முன்னால் சொன்ன சோதனையில் அதையும் ஒருமுறை ஓட்டிவிட்டுப் பையில் போடுங்கள்.